திருப்பூருக்கு வேண்டிய புதிய வைத்தியர்

திருப்பூர் ரயிலடியில் இறங்கி ஊருக்குள் செல்பவர் யாராயினும் குமரன் பெயரைக் காணாமல் செல்ல முடியாது. வீதிக்கு அவர் பெயர். நினைவாலயத்துக்கு அவர் பெயர். 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதம் தேசியக் கொடியேந்திச் சென்று, தடியடிபட்டு வீழ்ந்து, 11-ஆம் தேதி உயிர் நீத்தபோது அவருக்கு வயது 27. சென்னிமலையில் நெசவுக் குடும்பத்திற் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூர் வந்த ஏழைத் தொழிலாளி அவர். அவரைத் தியாகி என்று போற்றுகிறோம்; தகும். ஆயினும் ஒரு சிறு விஷயம் நம் கவனத்துக்கு வருவதில்லை. அவர் தேசபந்து வாலிபர் சங்கத்தைச் சேர்ந்தவர். சங்கம் என ஒன்று கூடவேண்டுமானால், கூடுவோருக்குப் பொழுது வேண்டும். கூலி வேலைக்குப் புறம்பாக ஒரு மாலைப் பொழுது அக்காலத்துத் திருப்பூர் வாலிபருக்கு எப்படியோ மிஞ்சியிருந்தது. கொடியைப் பற்றிப் பேசவும் கொடியைத் தூக்கவும் அப்பொழுது இடங்கொடுத்தது.

அதே திருப்பூர் அந்நாளில் கதருக்குப் பேர்போன ஊர். தமிழ்நாட்டுச் சர்க்கா சங்க வேலைக்கு அதுவே நடுநாயகமாக விளங்கிற்று. காந்தியடிகள் ராட்டையை நம் கையில் எதற்காகக் கொடுத்தார்? வருஷத்திற் பல மாதங்கள் வயலில் வேலையின்றிக் கைகட்டி உட்கார்ந்திருந்த குடியானவனுக்குத் துணைத் தொழிலாகக் கொடுத்தார். வேலையற்ற பொழுது அன்று நோயாக இருந்தது. ராட்டை அதற்கு மருந்தாயிற்று. இன்று நிலைமை தலைகீழாகப் போய்விட்டது. பொழுதற்ற வேலை இன்றைய திருப்பூரின் நோய். இந்நோய்க்கு மருந்து கொடுக்கத் தெரிந்த ஒருவகை வைத்தியர் உலகில் உளர். நம் சட்டமும் அவரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டது. அழைப்பு வந்தும் அவரை வரவேற்பார் இல்லை என்பதே இன்று நாம் எழுத நேர்ந்த காரணம்.

வருஷத்திற்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பின்னலாடைகளை அன்னிய நாடுகளுக்கு அனுப்பும் ஊர் இது. ஆர்டர் கப்பலேற வேண்டிய நாள் நெருங்கினால் ஒரு ஷிப்டு ஒன்றரை ஷிப்டாகும். காலை எட்டரை மணிக்குப் பவர் டேபிளில் உட்கார்ந்த டெய்லர் இரவு எட்டரைக்கு எழுந்தால் அன்று அவருக்கு நல்ல நாள். பீஸ் ரேட்டில் தைப்பவர் தாமாகவே எழமாட்டார். எழுந்தால் கூலி போகும். பக்கத்தில் நிற்கும் கைமடிக்காரப் பெண், தையல் நிற்கும்வரை தானும் நிற்கவேண்டும். சனிக்கிழமை இரவு சம்பளம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும், அரிசி பருப்பு வாங்கவும், ஊருக்குப் போன் பேசவும் சரியாகிவிடும். சுற்றியுள்ள நூல் மில்களின் ஹாஸ்டல்களிலோ நிலைமை இன்னும் இறுக்கம். தென் ஜில்லாக்களிலிருந்து வந்த பெண்களும், ஒடிஸா, ஜார்க்கண்டு, பீஹார் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்த பெண்களும் அங்கே தங்குகிறார்கள். மில், ஹாஸ்டல், மீண்டும் மில். சுமங்கலித் திட்டம் என்ற மங்கலமான பெயரில், மூன்று வருஷம் உழைத்தால் முடிவில் ஒரு மொத்தத் தொகை என்று பேசிப் பெண்களை அடைத்து வைத்த கதையை நேயர்கள் அறிவார்கள். அப்பெயர் இப்பொழுது வெளியிற் கேட்பது குறைந்திருக்கிறது. கேட்டுக்கு வெளியே தனியாகப் போக அநுமதி கிடைப்பது எத்தனை ஹாஸ்டல்களில் எளிதாகியிருக்கிறது என்பதை அங்குள்ள பெண்களைக் கேட்டால் தெரியும்.

‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இச்சொல்லே நம்மைப் பாதி கெடுத்துவிட்டது என்பது நம் அபிப்பிராயம். பொழுதை எப்படியாவது தொலைப்பது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால், பொழுதுபோக்கு என்றவுடன் உழைக்கும் மனிதனுக்கு வெட்கமும், வேலை கொடுக்கும் மனிதனுக்குக் கோபமும் உண்டாகின்றன. உண்மையில், மனிதன் தன் இஷ்டப்படி செய்யும் காரியம் ஒன்று நாளில் ஒரு மணி நேரமாவது இருந்தால்தான் மற்ற மணி நேரங்களில் பிறர் இஷ்டப்படி செய்யும் காரியத்தைத் தாங்கிக்கொள்ள முடியும். வேறு சொல் அகப்படும் வரையில் இச்சொல்லையே வைத்துக்கொள்வோம். வைத்தியத் துறையில் இதைத் தொழிலாகக் கொண்டவரைப் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் என்று சொல்வோம்.

அவர் செய்வது என்ன? கூத்துக் காட்டுவது அன்று. நோயாளிகளைச் சிரிக்க வைப்பதும் அன்று. நோயாளியிடம் உட்கார்ந்து, நோய் வருமுன் அவன் எதில் மனம் வைத்திருந்தான், இப்பொழுது எதைச் செய்ய அஞ்சுகிறான், கை எவ்வளவு தூரம் நீளும், கால் எவ்வளவு நேரம் தாங்கும், கூட்டத்தில் நிற்கக் கூசுகிறானா என்பதையெல்லாம் விசாரித்து எழுதிக்கொள்கிறார். பிறகு ஓர் ஆட்டத்தையோ பாட்டையோ கைவேலையையோ தோட்டவேலையையோ தேர்ந்து, வாரத்திற்கு இத்தனை தடவை, இன்ன அளவு என்று திட்டம் வகுக்கிறார். அதைத் தாமே உடனிருந்து நடத்துகிறார். பலன் உண்டா இல்லையா என்று அளந்து, டாக்டரின் கேஸ் ஷீட்டிலேயே குறிக்கிறார். பலன் இல்லையானால் மாற்றுகிறார். மருந்துக்கு அளவு உண்டு, பத்தியம் உண்டு, பலனைப் பார்ப்பது உண்டு என்றால் இதற்கும் அவ்வளவும் உண்டு. அமெரிக்காவில் இத்தொழிலுக்குப் பரீட்சை வைத்துச் சான்றளிக்கும் ஸ்தாபனம் 1981-ஆம் வருஷம் முதல் நடந்து வருகிறது. அங்கே பட்டம் பெற்றாலும் போதாது. அநுபவமுள்ளவரின் மேற்பார்வையில் 560 மணி நேரம் பணி பழகியாக வேண்டும்.

விளையாட்டு உயிரை மீட்குமா என்று நகைப்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்வோம். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-ஆம் வருஷம் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன் என்பவரிடம், 1944-ஆம் வருஷம் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரின் ஆஸ்பத்திரியில், யுத்தத்தில் முதுகெலும்பு முறிந்த சிப்பாய்களின் வார்டு ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் முதுகுத்தண்டு அறுந்தவன் சில காலத்தில் இறந்துவிடுவான் என்பதே வைத்திய உலகின் முடிவு. படுக்கைப் புண்ணும் மூத்திரக் கோளாறும் அவனைக் கொண்டுபோகும். அவற்றுக்கு முன்பே மனம் செத்துவிடும். குட்மன் புண்ணுக்கு வைத்தியம் செய்ததோடு நிற்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கையில் வில்லைக் கொடுத்தார். வில்லை இழுக்கத் தோள் வலுக்கும். குறி பார்க்க முதுகு நிமிரும். பக்கத்தில் இருப்பவனை வெல்லவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், சாகவேண்டும் என்ற எண்ணத்துக்கு இடம் குறையும். 1948-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிய அதே நாளில், அந்த ஆஸ்பத்திரிப் புல்தரையில் 16 பேர் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். அதுவே வளர்ந்து 1960-இல் ரோமாபுரியில் பாராலிம்பிக் ஆயிற்று. 1965 யுத்தத்தில் குண்டுபட்டுக் கால்கள் செயலிழந்த நமது ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காக நீச்சலில் இறங்கி, 1972-இல் ஜெர்மனியில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கப் பதக்கம் கொண்டுவந்தார். திருப்பூருக்கு அதிக தூரமில்லாத சேலம் ஜில்லாவில், ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றதைத் தமிழ்நாடு கொண்டாடிற்று. கொண்டாடியதோடு நின்றுவிட்டோம். பதக்கம் வாங்க முடியாத ஆயிரக்கணக்கான மாரியப்பன்களுக்கு அவ்வைத்தியத்தில் ஒரு பங்கு உண்டா என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டிலேயே வழிகாட்டி இல்லாமற் போகவில்லை. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ஆம் வருஷம் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அங்கே குணமாகிச் சென்ற முதுகுத்தண்டு நோயாளிகளை ஆண்டுதோறும் திரும்ப அழைத்து, ஒரு மேளா நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. மேளாவில் டாக்டர்கள் உடலைப் பரிசோதிக்கிறார்கள். நோயாளிகள் விளையாடுகிறார்கள், பாடுகிறார்கள். எது வைத்தியம், எது விளையாட்டு என்று அங்கே கோடு கிழிப்பது கஷ்டம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வில் கழுத்தெலும்பு முறிந்த ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் உடம்போடு மனத்தையும் சேர்த்தே நினைக்கும் ஸ்தாபனமாகும். இவை பெரியோர் சிலரின் தவத்தால் நடப்பவை. தவசிகள் இல்லாத ஊரில் நோயாளி என்ன செய்வான்? ஆகையால்தான் இதைத் தர்மமாக விட்டுவிடாமல் தொழிலாக்க வேண்டும் என்கிறோம். தொழில் என்றால் படிப்பு உண்டு, பதவி உண்டு, சம்பளம் உண்டு, தவறினால் கேள்வி உண்டு.

சட்டம் அழைத்துவிட்டது என்று மேலே சொன்னோம். 2021-ஆம் வருஷம் பார்லிமெண்டு நிறைவேற்றிய தேசியத் துணைச் சுகாதாரத் தொழில்கள் கமிஷன் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம். லாப் டெக்னீஷியன், பிஸியோதெரபிஸ்ட் முதலிய பலருக்குப் பின்னர், இயக்கச் சிகிச்சையாளர் என்ற இனத்தில், ஓவிய நடனச் சிகிச்சையாளருடன் பொழுதுபோக்குச் சிகிச்சையாளரின் பெயரும் அச்சாகியிருக்கிறது. தேசத்தின் சட்டப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்ட ஒரு தொழிலுக்கு, பனியன் ஜில்லா முழுவதிலும் ஒரு நாற்காலி கிடையாது. குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டுப் பெற மறந்த கதையாக இருக்கிறது.

ஏன் திருப்பூரைச் சொல்கிறோம்? சென்னையில் ஆரம்பிக்கக்கூடாதா என்று கேட்கலாம். ஆரம்பிக்கட்டும், நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் இவ்வைத்தியத்துக்குப் பணமும், நோயாளியும், ஆஸ்பத்திரியும் ஒரே ஊரில் கூடியிருப்பது திருப்பூரில். 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் முதலாளியிடமிருந்தும் பணம் பிடிக்கப்பட்டு வந்திருக்கிறது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். திருப்பூரில் 100 படுக்கை கொண்ட இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு 2019 பிப்ரவரியில் பிரதம மந்திரி அடிக்கல் நாட்டினார். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளில் திருப்பூர்க் கல்லூரியும் ஒன்று.

நோயாளி யார் என்பதற்கு ஓர் உதாரணம். கட்டிங் மாஸ்டரிடம் உதவியாளாக நிற்கும் 20 வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி ஓடும் கட்டிங் மிஷினில் துணி அடுக்கைத் தள்ளுகிறான். எஃகு வலைக் கையுறை பெட்டியில் இருக்கிறது. அணிந்தால் வேலை மெதுவாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் சுட்டு விரலும் நடு விரலும் போகின்றன. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அவன் அதிருஷ்டசாலி. ஆஸ்பத்திரியில் தைக்கிறார்கள், வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கொடுக்கிறார்கள். பிறகு சட்டத்தின் அட்டவணை வருகிறது. கட்டை விரலுக்கு 30 சதவீதம். சுட்டு விரல் முழுதும் போனால் 14. நடு விரலுக்கு 12. விரல் விரலாக விலை போட்டிருக்கிறார்கள். விலை போட்டது நியாயம். அதற்காகத் தொழிலாளர் எவ்வளவோ போராடியிருக்கிறார்கள். ஆனால் அப்பையன் இனிமேல் ஒரு மாலைப்பொழுதை எப்படிக் கழிப்பான் என்பதற்கு அட்டவணையில் இடமில்லை. அவன் லைன் வீட்டு அறையில் உட்கார்ந்து கையைச் சட்டைப் பையில் மறைத்துக்கொள்கிறான். கூட இருப்பவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவன் பாஷை பேசுகிற மனிதர் பகலில் ஒருவரும் இல்லை. செல்போனில் ஏதோ ஓடுகிறது. சாயங்காலம் மதுக்கடை திறந்திருக்கிறது.

பிஸியோதெரபிஸ்ட் மீதி விரல்களை மடக்கவும் நீட்டவும் பழக்குகிறார். அவசியமான வேலை. ரப்பர்ப் பந்தைப் பிசைவது மூன்று நாளில் சலித்துவிடும். பிறகு பையன் வரமாட்டான். அதே விரல்களைக் காரம் பலகையில் வைத்தால் இரண்டு மணி நேரம் தானே உட்காருவான். ஸ்ட்ரைக்கரைத் தள்ள இடது கையைப் பழக்குவான். எதிரில் ஒருவன் உட்கார்ந்திருப்பதால் பேசுவான். கையைப் பையிலிருந்து எடுத்தாக வேண்டும் என்பதால் வெட்கம் ஒருநாள் விட்டுப்போகும். காரம் பலகையை யாரும் வாங்கி வைத்துவிடலாம். எந்த நோயாளிக்குக் காரம், எவனுக்குப் பறை, எவனுக்குத் தோட்டம், எவனை இன்னும் ஒரு மாதம் கூட்டத்தில் உட்கார வைக்கக்கூடாது என்று அறிவதற்குத்தான் படித்தவர் வேண்டும்.

கைகால் முறிந்தவரைப் பற்றி மட்டும் நாம் பேசவில்லை. 2009, 2010-ஆம் வருஷங்களில் திருப்பூரில் தற்கொலைகள் பெருகியதைப் பற்றிப் பத்திரிகைகள் பத்திபத்தியாக எழுதின. கடன், குடி, இடம்பெயர்ந்த தனிமை, ஓய்வற்ற வேலை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. சில நாள் பேசிவிட்டு எல்லோரும் மிஷினுக்குத் திரும்பினோம். மனநோயைச் சங்கிலியால் கட்டிவைத்த பாபத்துக்கு 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் 28 உயிர்களைத் தீயில் கொடுத்த நாடு இது. 2017-இல் மனநலச் சட்டம் வந்தது. சங்கிலி போடுவது குற்றமாயிற்று. சங்கிலி இருந்த இடத்தில் எதை வைப்பது? மாத்திரை வைத்திருக்கிறோம். மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும். விழித்தபின் செய்ய ஒரு காரியத்தை மனிதர்தான் கொடுக்கவேண்டும்.

நம் முன்னோடிகள் இதை அறியாதவர்கள் அல்லர். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, கடையை மூடினால் மட்டும் போதாது, குடிப்பவனுடைய சாயங்காலத்துக்கு வேறொன்று கொடுக்கவேண்டும் என்பதைக் காங்கிரஸ் சர்க்கார் உணர்ந்திருந்தது. விளையாட்டுகளும் பஜனைகளும் டீக்கடைகளும் அதற்காகவே ஊக்கப்படுத்தப்பட்டன. 2003 முதல் சர்க்காரே சில்லறை மதுக்கடை நடத்திவரும் இக்காலத்தில், சாயங்காலத்தைப் பற்றிய கவலை சர்க்காருக்கு வேறுவிதமாகப் போய்விட்டது.

இனி ஆக்ஷேபங்களுக்கு வருவோம். முதலாளிகள் சொல்வது: நாங்கள் ஒன்றும் செய்யாமலில்லை, ஆயுதபூஜைக்கு மேளமும் பொரிகடலையும் உண்டு, வருஷத்துக்கு ஒருமுறை பஸ் வைத்து ஊட்டிக்குக் கூட்டிப்போகிறோம், ஹாஸ்டலில் டெலிவிஷன் இருக்கிறது. நல்லது, அவற்றை நிறுத்தவேண்டாம். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர் வரும் வாரத்தில் மட்டும் காற்றடைக்கப்படும் வாலிபால் பந்து வைத்தியமாகாது.

தொழிலாளர் தலைவர்களின் ஆக்ஷேபம் கனமானது. மதித்துப் பதில் சொல்லவேண்டியது. ‘முதலில் கூலி, முதலில் எட்டு மணி நேரம். அவற்றைக் கேட்கும் வாய்க்கு ஆட்டமும் பாட்டும் கொடுத்து அடைக்கப் பார்க்கிறீர்கள்’ என்கிறார்கள். பயம் காரணமற்றது அன்று. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டசபை நிறைவேற்றியதும், தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும், மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டதும் நேற்று நடந்தவை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவனைப் பார்த்து, வா, சிகிச்சைக்காக விளையாடு என்பது கேலியாகும். இதில் தொழிற்சங்கங்களோடு நாம் முழுதும் ஒன்றுபடுகிறோம்.

ஆனால் இத்தொழில் எங்கே வேரூன்றியது என்பதை அத்தலைவர்கள் கவனிக்கவேண்டும். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில், பல தேசங்களிலிருந்து வந்து குடிசையறைகளில் துணி தைத்த ஏழைகளுக்கு நடுவே 1889-ஆம் வருஷம் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். பொழுதுபோக்குச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான நேவா பாய்ட் அம்மையார் விளையாட்டைக் கற்பிப்போருக்குப் பயிற்சி அளித்தது அந்த இல்லத்தில்தான். அதே இல்லத்திலிருந்த பிளாரன்ஸ் கெல்லி அம்மையார் தையல் அறைகளில் நுழைந்து கண்ட கொடுமைகளே 1893-ஆம் வருஷம் இல்லினாய் ராஜ்யத்தில் தொழிற்சாலைச் சட்டம் பிறக்கக் காரணமாயின. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று அச்சட்டம் விதித்தது. 1895-இல் அந்த விதியைக் கோர்ட்டார் அடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஒரே கூரையின் கீழ் ஒருவர் நேரத்துக்காகப் போராடினார். ஒருவர் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று கற்பித்தார். நமது சென்னையிலும் கதை இதுவே. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்கு முன்பு, பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் நடத்திய பக்திச் சபையில்தான் மில் தொழிலாளர் கூடினார்கள். உபந்நியாசம் கேட்க வந்தவர்களே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போதிய நேரமில்லை என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். இந்தியாவில் தொழிற்சங்கம் பிறந்த வரலாற்றில் அப்பேச்சுக்கு முதலிடம் உண்டு. ஓய்வில் கூடுகிறவர்கள் உரிமையை மறப்பார்கள் என்று அஞ்சுவதற்கு ஆதாரம் போதாது.

ஆயினும் ஒரு நிபந்தனை விதிக்கவேண்டும். இதில் நாம் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. சிகிச்சையாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளியாக இருக்கக்கூடாது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேருக்கு மேற்பட்ட ஆலைகளில் நலன் அதிகாரியை வைக்கச் சொல்லிற்று. 2020-ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை 250 ஆக்கிற்று. நலன் அதிகாரிகளில் நல்லவர்கள் உண்டு. ஆனால் மாதச் சம்பளம் எந்த மேஜையிலிருந்து வருகிறதோ அந்த மேஜையின் பக்கம் முகம் திரும்புவது மனித சுபாவம். ஹாஸ்டல் பெண் ஒருத்தி தூக்கம் வரவில்லை என்று சொன்னால், அது கேஸ் ஷீட்டில் இருக்கவேண்டும். மானேஜர் காதுக்குப் போகக்கூடாது. ஆகவே சிகிச்சையாளர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் ஊழியராகவோ சர்க்கார் ஆஸ்பத்திரியின் ஊழியராகவோ இருந்து, அங்கிருந்து ஹாஸ்டல்களுக்கும் ஆலைகளுக்கும் செல்லவேண்டும். இ.எஸ்.ஐ. எட்டாத சிறு ஜாப் ஒர்க் பட்டறைகளில் வேலை செய்வோருக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியின் கதவு திறந்திருக்கும். இ.எஸ்.ஐ. பணம் தொழிலாளியின் பணம். அதில் ஒரு நாற்காலி கேட்பது யாசகமாகாது.

தொழில் ஒன்று எப்படிப் பிறக்கும் என்பதற்கும் நம் நாட்டில் அநுபவம் உண்டு. அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்து இந்தியராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார், 1950-ஆம் வருஷம் பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சைக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். நோயாளிக்கு நெசவும் கூடையும் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். இரண்டே வருஷத்தில், 1952-இல், அத்தொழிலாளருக்கு அகில இந்தியச் சங்கம் உண்டாயிற்று. இன்று அது பட்டப்படிப்பு. முதலில் பள்ளி, பிறகு பதவி, பிறகு சங்கம் என்று வரிசை பார்த்துக்கொண்டிராமல் பள்ளியையும் பதவியையும் ஒரே சமயத்தில் உண்டாக்கியாக வேண்டும். பதவி இல்லாவிட்டால் படிக்க யாரும் வரமாட்டார்கள். பதவி மட்டும் இருந்தால், சனி ஞாயிறு வகுப்பில் சர்டிபிகேட் வாங்கிய போலி வைத்தியர் வந்து உட்கார்ந்துவிடுவார். துணைச் சுகாதாரத் தொழிலுக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு என்று 2021-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்திருப்பது நல்ல வேலி. அதைத் தாண்ட யாரையும் விடக்கூடாது.

படிப்பில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று மேல்நாட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்தால் போதாது. கொங்கு நாட்டில் வள்ளி கும்மி புத்துயிர் பெற்று ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் ஒன்றாக அடியெடுத்து வைப்பதை இன்று பார்க்கிறோம். ஒயிலாட்டம் உண்டு, பெருஞ்சலங்கை ஆட்டம் உண்டு, அண்ணன்மார் கதைக்கு உடுக்கை உண்டு. கும்மியில் அடி வைப்பதும், குனிந்து நிமிர்வதும், கை தட்டுவதும், வட்டத்தில் பக்கத்தாளின் காலத்தோடு தன் காலத்தை ஒட்டவைப்பதும் உடலுக்கும் மனத்துக்கும் எவ்வளவு வேலை கொடுக்கின்றன என்பதை ஆசிரியர்களுக்குத் தெரியும். டாக்டர்களுக்கு இன்னும் தெரியாது. நாள் முழுதும் ஓவர்லாக் மிஷின் முன் கழுத்தைக் கவிழ்த்து உட்கார்ந்தவளுக்கு எந்த அடி நல்லது, கருவுற்றவளுக்கு எது ஆகாது, ஒடிஸாவிலிருந்து வந்த பெண் தன் ஊர்ப் பாட்டோடு அந்த வட்டத்தில் எப்படி நுழைவது என்பவற்றையெல்லாம் வைத்தியரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து வகுக்கவேண்டும்.

திருப்பூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இரண்டு பதவிகள், ஓர் அறை, சுற்றிலும் கொஞ்சம் திறந்த வெளி. சர்க்கார் வைத்தியக் கல்லூரியில் 20 பேர் கொண்ட ஒரு வகுப்பு. இதற்குமேல் முதல் வருஷத்தில் நாம் கேட்கவில்லை. தமிழ்நாட்டுத் தொழிலாளர் நல வாரியம் 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்த் தொழிலாளரிடமும் முதலாளிகளிடமும் ஆண்டுதோறும் நிதி திரட்டுகிறது. அந்நிதியிலிருந்து இவ்வகுப்புக்குச் சம்பளச் சலுகை கொடுப்பதை யார் மறுப்பார்கள்? சட்டசபை அங்கத்தினர்களும், தொழிற்சங்க ஊழியர்களும், ஏற்றுமதியாளர் சங்கத்தாரும் வெவ்வேறு வாசல்களில் நின்று இதைக் கேட்கலாம். ஒரே வாசலில் நிற்கவேண்டும் என்ற அவசியமில்லை. முதல் வகுப்புக்கு ஆள் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். பிளஸ் டூ தேறி, காலேஜுக்குப் பணமின்றி, நூல் மில் ஹாஸ்டலில் கோன் மாற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தமிழும் தெரியும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளிடம் கற்ற ஹிந்தியும் ஒடியாவும் தெரியும். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவளுக்கு எங்கே வலிக்கும் என்பதும் தெரியும். விண்ணப்பப் பாரத்தை ஹாஸ்டல் வாசலிலேயே வைத்துக் கொடுக்கலாம்.